‘நூறாண்டுக்கு ஒருமுறை’ மழையும் நிகழ்தகவுக் கல்வியில் நாடுகள் கூடுவதும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோலில் ஒரே நாளில் 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அது ‘அதி கனமழை’. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்றது. தாமிரபரணிக் கரையூர்கள் பலவும் தண்ணீரில் மூழ்கின. அந்த நாள்களில் ‘நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மழை’ என்ற தொடர் நெல்லைச் சீமை முழுதும் அடிபட்டது. அதைக் கேட்டவர்கள் இரண்டு விதமாகத் தடுமாறினார்கள். ஒரு சாரார், இனி நம் ஆயுளில் இப்படி ஒரு மழை இல்லை என்று நிம்மதி கொண்டார்கள். மறு சாரார், 1992 நவம்பரிலும் தாமிரபரணி கரைபுரண்டதை நினைவுபடுத்தி, நூறாண்டுக்கு ஒன்று எப்படி 31 ஆண்டு இடைவெளியில் இரண்டானது, கணக்கே பொய் என்றார்கள்.

இரண்டு முடிவுகளும் தவறு. ஆனால் இவை நெல்லைக்கு மட்டும் உரிய தவறுகள் அல்ல. படித்தவர், படியாதவர் என்ற வேறுபாடும் இவற்றுக்குக் கிடையாது. வாய்ப்பைப் பற்றிய எண்களை மனித மனம் ஏன் இப்படி வாசிக்கிறது, பள்ளிக்கூடம் அதை மாற்றுகிறதா என்று ஆராய்வதற்காகவே ஒரு தனித்துறை வளர்ந்திருக்கிறது. அத்துறையில் எந்த நாடும் தனித்து நின்று உறுதியான முடிவுக்கு வர முடியாது. அதன் காரணத்தை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்த நூறாண்டுக் கணக்கு

‘நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை’ என்பது காலண்டரில் குறித்துவைக்கும் தவணை அன்று. எந்த ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டாலும், அந்த ஆண்டில் அந்த அளவு மழை பெய்வதற்கான நிகழ்தகவு 1 சதவீதம் என்பதே அதன் பொருள். இந்த ஆண்டு பெய்துவிட்டதால் அடுத்த ஆண்டின் 1 சதவீதம் குறைந்துவிடுவதில்லை. நீண்ட காலமாகப் பெய்யவில்லை என்பதால் கூடுவதும் இல்லை. இதிலிருந்து சில விளைவுகள் பிறக்கின்றன.

1. முப்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் அத்தகைய மழை வருவதற்கான வாய்ப்பைக் காண, வராமல் போகும் வாய்ப்பான 0.99ஐ முப்பது முறை பெருக்க வேண்டும். 0.74 கிடைக்கும். ஆக, வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். ஆற்றோரம் வீடு கட்டி, கடனை முப்பது ஆண்டுகளில் அடைக்கப்போகிறவருக்கு இது நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட அபாயம்.

2. நூறு ஆண்டுகள் முழுதாகக் கழிந்தாலும் அது வந்தே தீரும் என்ற உறுதி இல்லை. வருவதற்கான வாய்ப்பு 63 சதவீதம். வராமலே போக 37 சதவீதம்.

3. 1992, 2023 ஆகிய இரு வெள்ளங்களும் நூறாண்டு அளவை எட்டியவை என்றே வைத்துக்கொண்டாலும், அவ்விரு ஆண்டுகளையும் சேர்த்த 32 ஆண்டுகளில் இருமுறையோ அதற்கு மேலோ அவ்வாறு நேர்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 4 சதவீதம். இது அரிதுதான், ஆனால் நடவாதது அன்று. ஒன்றையொன்று சாராத 25 ஆற்றுப்படுகைகளைச் சேர்த்துப் பார்த்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்றிலாவது இப்படி இருமுறை நேர்வதற்கான வாய்ப்பு 65 சதவீதமாகிவிடுகிறது. அந்த ஒன்றின் கரையில் குடியிருப்பவருக்கு அது அதிசயமாகத் தோன்றும். எல்லாப் படுகைகளையும் ஒருசேரப் பார்ப்பவருக்குத் தோன்றாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அந்த 1 சதவீதம் என்பதே பழைய மழைப்பதிவுகளிலிருந்து பெறப்படும் மதிப்பீடு. ஐம்பது, அறுபது ஆண்டுப் பதிவை வைத்துக்கொண்டு நூறாண்டு மழையின் அளவைக் கணிக்கும்போது அந்த மதிப்பீட்டிலும் பிழைக்கு இடமுண்டு. பருவநிலை மாறிவரும்போது பழைய பதிவு எவ்வளவு தூரம் வழிகாட்டும் என்பது அடுத்த கேள்வி.

மேற்கண்ட கணக்குகளில் முதல் இரண்டுக்கும் வெறும் பெருக்கலும் கழித்தலும் போதும். மூன்றாவதற்கு மேல்நிலை வகுப்புக் கணிதம் போதும். ஆயினும் நிகழ்தகவுக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவர்களே செய்தியில் இந்தத் தொடரைக் காணும்போது சறுக்குகிறார்கள். தேர்வில் தவறாதவர் தெருவில் தவறுவது ஏன் என்பதே புள்ளியியல், நிகழ்தகவுக் கல்வி ஆய்வின் மையக் கேள்வி.

எண்ணிக் காண்பதும் எறிந்து காண்பதும்

தரவுகளைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, அவற்றின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொண்டு முடிவுக்கு வரும் முறை புள்ளியியல். நிச்சயமில்லாத ஒன்று நேர்வதற்கான அளவை 0 முதல் 1 வரையிலான எண்ணால் குறிப்பது நிகழ்தகவு. இந்த எண்ணை அடைய இரண்டு வழிகள் உள்ளன. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் வீட்டு விளையாட்டுப் பொருள்களைக் கொண்டே காட்டலாம்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க உருட்டும் தாயக்கட்டையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டையிலும் நான்கு பக்கங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், மற்றொன்று வெறுமை. இரண்டு கட்டைகளையும் சேர்த்து உருட்டினால் 16 விளைவுகள் கிடைக்கும். ஒன்றில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். அது இரண்டு வழிகளில் நேரலாம். ஆகவே நிகழ்தகவு 2/16, அதாவது எட்டில் ஒன்று. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு 1/16. மூன்று விழ நான்கு வழிகள் உள்ளதால் 4/16. இவை எதற்கும் கட்டையைக் கையால் தொடவே வேண்டியதில்லை. பக்கங்கள் சமமாக விழும் என்று ஒப்புக்கொண்டால், எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சோழி அப்படி அன்று. குலுக்கிப் போட்ட சோழி வாய் மேல்நோக்கி விழுமா, முதுகு மேல்நோக்கி விழுமா என்பதில் விளைவுகள் இரண்டே என்றாலும் அவை சமவாய்ப்பு உடையவை என்று சொல்ல முடியாது. சோழியின் வடிவம், பருமன், உள்ளே ஈயம் அடைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். நூறு முறை, ஐந்நூறு முறை எறிந்து குறித்துவைத்தால்தான் தெரியும். மழை, நோய், விபத்து, தேர்தல் என்று வாழ்க்கையில் நாம் சந்திக்கும் நிச்சயமின்மைகள் பெரும்பாலும் சோழியின் இனத்தைச் சேர்ந்தவை. பள்ளிப் பாடமோ பெரும்பாலும் தாயக்கட்டையின் இனத்தோடு நின்றுவிடுகிறது. தேர்வுக்கும் தெருவுக்கும் இடையிலான விரிசலில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

விளையாட்டில் இன்னொன்றும் காணலாம். பத்து முறை உருட்டியும் தாயம் விழாதவர், ‘இனி விழுந்தே தீரும்’ என்று துணிவார். பத்து உருட்டலில் ஒருமுறைகூடத் தாயம் விழாமல் போவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். ஆகவே அது அபூர்வம் அன்று. பதினோராவது உருட்டலிலும் நிகழ்தகவு அதே எட்டில் ஒன்றுதான், கட்டைக்கு நினைவு கிடையாது. ‘இனி நம் ஆயுளில் இந்த மழை இல்லை’ என்பதும் இதே பிழையின் மறுபக்கமே.

தவறான விடைகளிலும் ஓர் ஒழுங்கு உண்டு

இத்துறையின் தொடக்கத்தில் நிற்பது எளிய ஒரு கண்டுபிடிப்பு: நிகழ்தகவில் மக்கள் செய்யும் தவறுகள் தாறுமாறானவை அல்ல, ஒரே திசையில் சாய்பவை. சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே, பார்பல் இன்ஹெல்டர் ஆகியோர் 1951இல் குழந்தைகளிடம் தற்செயல் பற்றிய எண்ணம் எவ்வாறு உருவாகிறது என்று எழுதினார்கள். 1970களில் ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் ஆகிய இஸ்ரேலிய உளவியலாளர்கள் பெரியவர்களின் தவறுகளை ஆராய்ந்தார்கள். 1972இல் அவர்கள் வெளியிட்ட மருத்துவமனைக் கேள்வி இன்றளவும் பல நாட்டு வகுப்பறைகளில் கேட்கப்படுகிறது.

கேள்வி இது. ஒரு பெரிய மருத்துவமனையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 குழந்தைகளும், ஒரு சிறிய மருத்துவமனையில் 15 குழந்தைகளும் பிறக்கின்றன. பிறப்பவற்றில் பாதி ஆண் என்று கொள்வோம். ஓராண்டில், 60 சதவீதத்துக்கு மேல் ஆண் குழந்தைகள் பிறந்த நாள்கள் எந்த மருத்துவமனையில் அதிகமாக இருக்கும்?

விடை சிறிய மருத்துவமனை. கணக்கிட்டால் அங்கே ஏறத்தாழ 55 நாள்களும் பெரியதில் ஏறத்தாழ 25 நாள்களும் வரும். எண்ணிக்கை குறையக் குறைய ஊசலாட்டம் கூடும் என்பதே காரணம். ஆனால் கேட்கப்பட்ட பட்டப்படிப்பு மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ‘இரண்டிலும் ஏறத்தாழ சமம்’ என்றே பதில் சொன்னார்கள்.

1997இல் இஸ்ரேலில் எப்ரைம் பிஷ்பைன், டிட்சா ஷ்னார்க் ஆகியோர் ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்பு மாணவர்களிடமும் ஆசிரியர் பயிற்சி மாணவர்களிடமும் இத்தகைய கேள்விகளைக் கேட்டபோது, எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. சில தவறுகள் வயது ஏற ஏறக் குறைந்தன. ஆனால் எண்ணிக்கையின் பங்கைக் கவனிக்காத தவறு வகுப்பு ஏற ஏற வலுத்தது. அவர்கள் தந்த விளக்கம் சிந்திக்கத்தக்கது. விகிதக் கணக்கைப் பள்ளி திரும்பத் திரும்பப் பழக்குகிறது; விகிதம் சமமென்றால் விடையும் சமம் என்ற முடிவுக்கு மாணவர் தாவுகிறார். அதாவது, ஒரு பாடத்தை நன்றாகக் கற்றதே மற்றொரு பாடத்தில் இடறலாகிறது.

இந்த ஆய்வில் வகுப்புக்கு ஏறத்தாழ 20 மாணவர்களே இருந்தார்கள். சிறிய எண்ணிக்கையை நம்பி முடிவுக்கு வரக்கூடாது என்பதை மக்கள் எப்படி மறக்கிறார்கள் என்று கண்டறிந்த ஆய்வே சிறிய எண்ணிக்கையின் மேல் நிற்கிறது. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. வகுப்பறை ஆய்வுகள் பெரும்பாலும் இப்படித்தான் அமைகின்றன. ஒவ்வொரு மாணவரிடமும் காரணத்தை விசாரித்து எழுதவேண்டிய ஆய்வில் ஆயிரம் பேரைச் சேர்ப்பது அரிது. ஆகவே அதே கேள்வி வேறு வகுப்புகளில், வேறு நாடுகளில் மறுபடி கேட்கப்பட வேண்டும். நாடுகளின் கூட்டுறவு இத்துறைக்கு மரியாதைக்காகவோ மாநாட்டுக்காகவோ ஏற்பட்டது அன்று. ஆய்வு முறையின் ஓர் உறுப்பாகவே அது இருக்கிறது.

ஒரு நாட்டு ஆய்வு போதாமைக்குக் காரணங்கள்

1. தவறு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறிய ஒப்பீடு தேவை. ஒரு தவறு எல்லா நாட்டிலும் ஒரே அளவில் காணப்பட்டால், அது மனித மனத்தின் இயல்பாக இருக்கலாம். ஒரு நாட்டில் மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் காணப்பட்டால், பாடநூலையோ பழக்கத்தையோ ஐயுற வேண்டும். 2005இல் ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகரென்சரும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ‘நாளை மழை பெய்ய 30 சதவீதம் வாய்ப்பு’ என்றால் என்ன பொருள் என்று ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் கேட்டார்கள். இத்தகைய முன்னறிவிப்பு தரப்படும் நாள்களில் 30 சதவீத நாள்களில் மழை பெய்யும் என்பதே சரியான பொருள். நியூயார்க்கில் பெரும்பாலோர் இதைச் சொன்னார்கள். ஐரோப்பிய நகரங்களிலோ, நாளைய பொழுதில் 30 சதவீத நேரம் பெய்யும் என்ற பதிலே மேலோங்கியது. பரப்பில் 30 சதவீத இடத்தில் பெய்யும் என்று கொண்டவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் 1960களிலிருந்தே வானிலை அறிவிப்பில் இந்த எண் பழக்கத்தில் இருந்தது. பெர்லினில் மட்டும் ஆய்வு நடந்திருந்தால் ‘மக்களுக்கு இது புரியாது’ என்று முடிந்திருக்கும். நியூயார்க்கில் மட்டும் நடந்திருந்தால் ‘புரிகிறது’ என்று முடிந்திருக்கும்.

2. கேள்வியின் களம் விடையை மாற்றும். மருத்துவமனைக் கேள்வியை நெல்லைக்குக் கொண்டுவந்து, பெரியதற்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்றும் சிறியதற்கு ஒரு தாலுகா ஆஸ்பத்திரி என்றும் பெயரிட்டுப் பாருங்கள். சிக்கலான பிரசவங்களை ஹைகிரவுண்டுக்கு அனுப்புவார்கள் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சிலர் அந்த வழியில் காரணம் தேடுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் மற்றொன்று. கருவில் இருக்கும் குழந்தையின் பாலினத்தைத் தெரிவிப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்த நாட்டில், ‘ஆண் குழந்தைகள் அதிகம் பிறந்த நாள்’ என்ற சொற்களே கணக்குக்கு வெளியே வேறொன்றை நினைவூட்டும். அப்போது மாணவர் தரும் விடை நிகழ்தகவைப் பற்றியதா, சமூகத்தைப் பற்றியதா என்று பிரிப்பது கடினம்.

3. நம்பிக்கைகள் குறுக்கிடும். பிஜித் தீவுகளின் இந்திய வம்சாவளி மாணவர்களிடையே ஆய்வு செய்த சஷி சர்மா, அவர்களுள் பலர் தம் விடைகளுக்குச் சமய நம்பிக்கையையும் அன்றாட அனுபவத்தையும் காரணமாகச் சொன்னதைப் பதிவு செய்தார். பகடை யார் எறிந்தாலும் ஒன்றே என்று வகுப்பில் எழுதும் பிள்ளை, வீட்டில் ‘கைராசி’யையும் நம்பலாம். இரண்டும் ஒரே மனத்தில் அடுத்தடுத்து இருக்கக்கூடும் என்பதை மேற்கத்திய வகுப்பறைகளை மட்டும் பார்த்த ஆய்வு எளிதில் தவறவிட்டுவிடும்.

கூட்டுறவு வளர்ந்த வழி

இந்த வரலாற்றில் இந்தியாவுக்குத் தொடக்கத்திலேயே இடமுண்டு என்பது பலர் அறியாதது. 1885இல் தொடங்கப்பட்ட சர்வதேசப் புள்ளியியல் நிறுவனம், 1948இல் கல்விக்கென ஒரு குழுவை அமைத்தது. பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931இல் கொல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துடன் சேர்ந்து, 1950இல் அதே நகரில் சர்வதேசப் புள்ளியியல் கல்வி மையம் ஏற்படுத்தப்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் அரசுப் புள்ளியியலாளர்கள் அங்கே வந்து பயின்றார்கள். எனினும் அன்றைய நோக்கம் வல்லுநர்களை உருவாக்குவது. பள்ளிப் பிள்ளை எப்படிக் கற்கிறது என்ற கேள்வி அப்போது எழவில்லை.

அந்தக் கேள்வி மாநாட்டு மேடைக்கு வந்தது 1982இல். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் புள்ளியியல் கற்பித்தல் பற்றிய முதல் சர்வதேச மாநாடு கூடியது. அதன்பின் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கனடாவின் விக்டோரியா, நியூசிலாந்தின் டுனெடின், மொராக்கோவின் மராகேஷ், சிங்கப்பூர், கேப் டவுன் என்று ஊர் மாறி மாறி நடந்துவருகிறது. 2018இல் ஜப்பானின் கியோட்டோவிலும் 2022இல் அர்ஜென்டினாவின் ரொசாரியோவிலும் நடந்தது. இந்தப் பதினொரு மாநாடுகளில் ஒன்றுகூட இந்தியாவில் நடக்கவில்லை. 1950இல் ஆசியாவுக்கே பயிற்சிக்கூடம் திறந்த நாட்டைப் பற்றி இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1991இல் சர்வதேசப் புள்ளியியல் கல்விச் சங்கம் உருவானது. மாநாடுகளைவிடவும் இத்துறையைக் கட்டிக்காத்தது ஒரு செய்திமடல் எனலாம். நிகழ்தகவும் புள்ளியியலும் கற்கப்படும் விதத்தை ஆராய்பவர்கள் பல நாடுகளிலும் ஒருவர் இருவராகச் சிதறிக் கிடந்தார்கள். தம் சொந்தத் துறையில் கணிதக் கல்வியாளர்களுக்கு நடுவே ஒருவராகவோ, உளவியலாளர்களுக்கு நடுவே ஒருவராகவோ இருந்தார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த ஜோன் கார்பீல்டும், பின்னர் ஸ்பெயினின் கிரனாடாவைச் சேர்ந்த கார்மென் பட்டனேரோவும் நடத்திய மடல், யார் எந்த ஊரில் எதை ஆராய்கிறார் என்று அவர்களுக்குள் தெரியப்படுத்தியது. அந்த மடலின் வழித்தோன்றலாக 2002இல் புள்ளியியல் கல்வி ஆய்வுக்கென்றே ஓர் இதழ் பிறந்தது. இணையத்தில் எவரும் கட்டணமின்றி வாசிக்கலாம் என்ற விதியோடு அது வெளிவந்தது. வெளிநாட்டு இதழ்களுக்குச் சந்தா கட்டி மாளாத கல்லூரி நூலகங்களுக்கு இந்த ஒரு விதியின் அருமை தெரியும்.

1999இல் இஸ்ரேலில் மற்றொரு வகைக் கூட்டம் தொடங்கியது. மாநாடு போல ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பேசிவிட்டுக் கலையாமல், சிறு குழுவாகச் சில நாள் தங்கி, மாணவர்கள் பேசிய வகுப்பறைக் காணொளிகளைச் சேர்ந்து பார்த்து விவாதிக்கும் முறை அது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு வேறு நாடுகளில் நடக்கிறது. 2008இல் மெக்சிகோவின் மான்டெர்ரேயில், சர்வதேசக் கணிதக் கல்வி ஆணையமும் புள்ளியியல் கல்விச் சங்கமும் இணைந்து, பள்ளிக் கணிதத்துக்குள் புள்ளியியலை யார் கற்பிப்பது, அந்த ஆசிரியரை எப்படித் தயாரிப்பது என்று ஆராய்ந்தன. கேள்வி நியாயமானது. உலகெங்கும் இந்தப் பாடத்தை நடத்துபவர் கணித ஆசிரியர். கணிதத்தில் விடை ஒன்று. தரவிலிருந்து பெறும் முடிவிலோ ‘இவ்வளவு தூரம் நம்பலாம்’ என்ற வால் ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். அந்த வாலோடு பாடம் நடத்த அவருக்கு யாரும் பயிற்சி தந்ததில்லை.

பகிரப்படுவது என்ன

வினாக்களும் ஆய்வு முறைகளும் போக, மாணவர்களே திரட்டும் தரவும் நாடுகளிடையே பகிரப்படுகிறது. பிரிட்டனில் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி, 2000இல் ‘பள்ளியில் கணக்கெடுப்பு’ என்ற திட்டம் தொடங்கியது. பிள்ளைகள் தம் உயரம், பாதத்தின் நீளம், பள்ளிக்கு வரும் வழிமுறை போன்றவற்றைப் பெயர் குறிப்பிடாமல் பதிவிடுவார்கள். சேர்ந்த தரவிலிருந்து மாதிரி எடுத்து வகுப்பில் ஆராய்வார்கள். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா, ஜப்பான் என்று அது பரவியது. பிள்ளை பதிவிடும்போதே சிக்கல்கள் முளைக்கும். செருப்போடு அளந்ததா, செருப்பைக் கழற்றி அளந்ததா? 15 சென்டிமீட்டர் உயரம் என்று ஒருவர் எழுதியிருப்பதை என்ன செய்வது? அச்சிட்ட பாடநூல் அட்டவணையில் இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை. அங்கே தரவு குளித்து முழுகிச் சுத்தமாக வந்து நிற்கிறது.

பாடத்திட்ட அளவில் நியூசிலாந்தின் அனுபவம் அதிகம் பேசப்படுகிறது. கிறிஸ் வைல்டு, மேக்சின் பான்குச் ஆகிய இருவரும் 1999இல் புள்ளியியல் ஆய்வை ஐந்து படிகளாக விவரித்தார்கள்: சிக்கலை வரையறுத்தல், திட்டமிடல், தரவு திரட்டல், பகுப்பாய்வு, முடிவு. 2007இல் வந்த அந்நாட்டுப் பாடத்திட்டத்தில் அப்பாடப்பிரிவின் பெயரே ‘கணிதமும் புள்ளியியலும்’ என்றானது. அதோடு ஒப்பிட்டால், நம் தேர்வுகள் நான்காவது படியை மட்டுமே கேட்கின்றன என்பது தெளிவாகும்.

கூட்டுறவில் ஏற்றத்தாழ்வும் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம்; மாநாட்டுக்குப் போகும் செலவு ஒரு கல்லூரி ஆசிரியரின் பல மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும். இதன் விளைவாகத் தமிழ்வழியில் படிக்கும் பல லட்சம் பிள்ளைகள் நிகழ்தகவை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றி அந்த அவைகளில் பேச்சு எழுவதே அரிது. அவர்களைப் பற்றிய முடிவுகளும் இஸ்ரேல், அமெரிக்கப் பிள்ளைகளைக் கொண்டே ஊகிக்கப்படுகின்றன.

நெல்லையிலிருந்து கேட்கக்கூடிய கேள்விகள்

தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒன்பதாம் வகுப்பில் புள்ளியியலும் நிகழ்தகவும் தனித்தனி இயல்கள்; பத்தாம் வகுப்பில் எட்டாம் இயல் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’. வீச்சு, திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு, கூறுவெளி எல்லாம் முறையாகவே சொல்லப்படுகின்றன. எடுத்துக்காட்டுகளில் நாணயம், பகடை, 52 சீட்டுகள் கொண்ட சீட்டுக்கட்டு. இவற்றுள் சீட்டுக்கட்டு கவனிக்கத்தக்கது. சீட்டாட்டத்தைச் சூதென்று வீட்டுக்குள் விடாத குடும்பங்கள் இங்கே ஏராளம். லாட்டரியே 2003இல் தடைசெய்யப்பட்ட மாநிலம் இது. சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தே பார்த்திராத மாணவி, ஒரு கட்டில் நான்கு இராசா, பதின்மூன்று இஸ்பேட் என்பதை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்துவிட்டுத்தான் கணக்குக்கு வர வேண்டியிருக்கிறது. அவளுக்குத் தெரியாதது நிகழ்தகவா, சீட்டுக்கட்டா என்று விடைத்தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதற்கு மாற்றாக இம்மண்ணிலேயே தரவு கொட்டிக் கிடக்கிறது. பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்ற கொள்ளளவு உயரங்களோடு அன்றாட நீர்மட்டமும், ஊர்வாரியான மழையளவும் மழைக்காலத்தில் நாளிதழ்களில் வருகின்றன. மலைமேல் ஊத்து, நாலுமுக்கு, மாஞ்சோலை. கீழே வறண்ட ராதாபுரம். இரண்டையும் கூட்டி வகுத்து ‘மாவட்டச் சராசரி மழை’ என்று ஓர் எண் வெளியாகும்போது, அந்த எண் பெய்த ஊர் மாவட்டத்தில் எங்குமே இருக்காது. சராசரியைச் சுற்றித் தரவு எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்று அளக்கும் திட்ட விலக்கம் எதற்கு என்று விளக்க இதைவிட நல்ல தரவு வேண்டியதில்லை.

ஆய்வென்று வரும்போது, நெல்லைச் சீமையால் உலகுக்குத் தரக்கூடியது ஒன்று உண்டு. வெள்ளத்தை நேரில் கண்ட பிள்ளைகளும் காணாத பிள்ளைகளும் ஒரே பாடநூலை, ஒரே மொழியில், சில மணி நேரப் பயணத் தொலைவுக்குள் படிக்கிறார்கள். 2023 மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகக் கண்ட ஸ்ரீவைகுண்டத்து மாணவர், அணையை அன்றாடம் காணும் அம்பாசமுத்திரத்து மாணவர், மழையை எதிர்பார்த்தே நிற்கும் ராதாபுரத்து மாணவர் ஆகிய மூவரிடமும் ‘நூறாண்டுக்கு ஒருமுறை’ என்பதன் பொருளைக் கேட்டால், அனுபவம் மதிப்பீட்டை எவ்வளவு அசைக்கிறது என்பது தெரியவரும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறை இருக்கிறது. பாளையங்கோட்டையில் நூறாண்டு கண்ட கல்லூரிகள் இருக்கின்றன. ஆள் பலத்துக்குக் குறைவில்லை.

அத்தகைய ஆய்வு ஒப்பீட்டுக்குத் தகுதி பெற வேண்டுமானால் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

1. கேள்விகளைத் தமிழாக்கி, அந்தத் தமிழை மூலம் அறியாத ஒருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். முதலில் ஒரு சிறு வகுப்பில் சோதித்து, பிள்ளைகள் கேள்வியை எப்படி வாசித்தார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

2. வயதைக் கொண்டு ஒப்பிடுவதா, வகுப்பைக் கொண்டு ஒப்பிடுவதா என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். நாட்டுக்கு நாடு நிகழ்தகவு கற்பிக்கப்படும் வகுப்பு வேறு.

3. இஸ்ரேல் ஆய்வு ஒரே காலத்தில் வெவ்வேறு வகுப்பு மாணவர்களை ஒப்பிட்டது. இங்கே அதே மாணவர்களிடம், ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவு இயல் தொடங்குமுன் ஒருமுறையும் பத்தாம் வகுப்பில் எட்டாம் இயல் முடிந்தபின் ஒருமுறையும் கேட்கலாம். அப்போது மருத்துவமனைக் கேள்வியிலோ அதற்கு ஈடாக நாம் அமைக்கும் மழைக் கேள்வியிலோ ‘இரண்டும் சமம்’ என்ற தவறான விடை கூடியிருந்தால், நம் வகுப்பறையும் விகிதக் கணக்கின் அதே பிடியில் இருக்கிறது என்று பொருள். குறைந்திருந்தால், இங்கே வேறு ஏதோ நடக்கிறது என்று பொருள். அது என்னவென்று அறிய மற்ற நாட்டு ஆய்வாளர்களுக்கும் காரணம் இருக்கும்.